வீசா கிடைக்காத வருடம்

மாயாவின் கதை – பகுதி 7

சென்ற வாரம் கதையை நிறுத்திய இடம் 2005. ‘அருளர்’ அல்பம் வெளிவந்து, பிரிட்டனின் மெர்க்குரி விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுத்திருப்பவர்களுக்காக, வந்த வழியை ஒரு தரம் ஓடிப் பார்த்துவிடுவோம். மாதங்கி அருள்பிரகாசம். வீட்டுக்கு மாயா. 1975 ஜூலை 18இல் லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தவர். அப்பா இயக்க வேலையாகப் போய்விட, அம்மா கலா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்குமாக அலைந்தார். 1986இல், மாயாவுக்குப் பதினொரு வயது நிறையப் போகும் நேரத்தில், அகதிகளாக மறுபடியும் லண்டன். மிச்சம் பகுதியில் அரசாங்கத் தொடர்மாடி வீடு. அங்கே வானொலிப் பெட்டியைத் திருடர்கள் கொண்டுபோய்விட, பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி வந்த றப் பாட்டுத்தான் அவருடைய முதல் பள்ளிக்கூடம்.

பிறகு சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸ் கலைக் கல்லூரி. எலாஸ்டிகா குழுவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மனோடு நட்பு. அந்தக் குழுவின் சுற்றுப்பயணத்தில் பீச்சஸ் என்ற பாடகி காட்டிக் கொடுத்த எம்சி-505 தாளப் பெட்டி. 2003இல் 500 இசைத்தட்டுகள் மட்டும் அடித்து விட்ட ‘கலாங்’. மேடைப் பெயர் எம்.ஐ.ஏ. போரில் காணாமல் போனவரைக் குறிக்க இராணுவம் வைத்திருக்கும் மூன்றெழுத்து. ‘காணாமல் போனோர்’ என்ற சொல் நம் நாட்டில் எத்தனை வீடுகளின் வாசலில் நிற்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் இங்கே நேர்ப்படுத்திவிட வேண்டும். மாயாவின் அப்பா அருளரைப் புலி என்று எழுதிய வெளிநாட்டுப் பத்திரிகைகள் ஏராளம். அவர் புலி அல்லர். 1975இல் லண்டனில் தொடங்கிய ஈரோஸ் இயக்கத்தின் ஆரம்பகால உறுப்பினர். 1977 கலவரத்துக்குப் பிறகு தமிழர்களை வடக்கே ஏற்றிச் சென்ற கப்பலை வைத்து ‘லங்கா ராணி’ என்ற நாவலை எழுதியவர். நமக்கு இவை இரண்டு வேறு இயக்கங்கள், இரண்டு வேறு வரலாறுகள். நியூயோர்க்கில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் ஒன்று. அந்த ‘எல்லாம் ஒன்று’தான் இந்த வாரக் கதையைக் கிளப்பிவிடுகிறது.

*

அதற்கு முன் இன்னொரு கணக்கைத் தீர்க்க வேண்டும். இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து கேட்கப்படுகிற கேள்வி: எம்.ஐ.ஏ. என்ன ரகப் பாடகி? றப்பா, நடனப் பாட்டா, பொப்-பங்க்கா?

இசைத்தட்டுக் கடைக்காரருக்கு எந்தத் தட்டில் அடுக்குவது என்று தெரிவதற்காக வந்த பெயர்கள் இவை. பொப்-பங்க் என்றால் அமெரிக்கப் புறநகர்ப் பையன்கள் கிற்றாரை வேகமாக உரசிக்கொண்டு காதல் தோல்வியைக் கத்துவது என்று எடுத்துக்கொண்டால், மாயாவுக்கு அங்கே இடமில்லை. சந்தையில் விலைபோகும் மெட்டையும் பங்க்கின் கோபத்தையும் ஒரே பாட்டுக்குள் அடைப்பது என்று எடுத்துக்கொண்டால், அவரைத் தவிர வேறு யாரைச் சொல்வது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பங்க் 1976, 77இல் லண்டனில் வெடித்தது. பாட்டுப் படிக்காதவன் பாடலாம், மூன்று சுரக்கட்டுத் தெரிந்தால் குழு அமைக்கலாம், கம்பனி வரும்வரை காத்திருக்காமல் நாமே தட்டு அடித்து நாமே விற்கலாம் என்பதுதான் அதன் கொள்கை. 1978 ஏப்ரல் 30இல் லண்டன் விக்டோரியா பூங்காவில் இனவாதத்துக்கு எதிராகப் பெரிய இசைக்கூட்டம் ஒன்று நடந்தது. குடியேறிகளைத் திருப்பி அனுப்பு என்று தெருவில் கத்திக்கொண்டிருந்த நேஷனல் ஃப்ரண்ட் கட்சிக்கு மறுமொழியாகக் கூடிய கூட்டம் அது. மேடையில் ‘த க்ளாஷ்’ இருந்தது. ‘எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்’ குழுவின் பொலி ஸ்டைரீனும் இருந்தார். சோமாலியத் தந்தைக்குப் பிறந்தவர், பல்லில் கம்பி கட்டியவர், பங்க்கின் முதல் வரிசையில் நின்ற கலப்பினப் பெண்.

அன்றைக்கு மாயாவுக்கு வயது 2. யாழ்ப்பாணத்தில் இருந்தார். ‘த க்ளாஷ்’ என்ற பெயரை மறக்காமல் வைத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும்.

*

2006.

இரண்டாவது அல்பத்துக்கான திட்டம் தயார். அமெரிக்காவின் டிம்பலண்டோடு சேர்ந்து வேலை. அந்தக் காலத்தில் டிம்பலண்ட் கை வைத்தால் பாட்டு வானொலியில் ஏறியது என்று அர்த்தம். புரூக்ளினில் மாயாவுக்கு ஒரு வீடும் இருந்தது. லண்டனில் பெயரெடுத்த ஒரு பாடகி அமெரிக்காவுக்குப் போய்ப் பெரிய தயாரிப்பாளரோடு பெரிய அல்பம் போடுவது, பல பேர் நடந்து தேய்ந்த பாதை.

வீசா கிடைக்கவில்லை.

செய்தியை அவர் மைஸ்பேஸ் பக்கத்தில் தானே எழுதிப் போட்டார். அமெரிக்காவுக்குள் விடமாட்டேன் என்கிறார்கள் என்று. வீட்டுச் சாமான் புரூக்ளினில், ஆள் வெளியில்.

மாயாவின் பக்கத்தில் சந்தேகத்துக்குப் பஞ்சமில்லை. ‘சன்ஷவர்ஸ்’ என்ற பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருகிறது என்று எம்டிவி ஏற்கெனவே அதன் படத்தை ஒளிபரப்ப மறுத்திருந்தது. அப்பாவின் வரலாறு எல்லாப் பேட்டியிலும் அச்சாகியிருந்தது. உடையிலும் சுவர் ஓவியத்திலும் புலியும் துப்பாக்கியும். செப்டம்பர் 11க்குப் பிந்திய அமெரிக்காவில், நீளமான தமிழ்ப் பெயரும் இப்படி ஒரு கோப்பும் ஓர் அதிகாரியின் மேசைக்கு வந்தால் அவர் என்ன செய்வார்?

இதை விளங்கிக்கொள்ள நமக்கு இசை அறிவு வேண்டாம். கலேவெலயிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறி, விடியற்காலையில் கொழும்பில் இறங்கி, காலி வீதியில் அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். உள்ளே மூன்று நிமிடக் கேள்வி, வெளியே வந்து ஒரு பிளேன்டி, திரும்ப நாலைந்து மணி நேரப் பயணம். ஏன் இல்லை என்றார்கள் என்று தெரியாமலே வீட்டுக்குப் போகிற அந்தப் பயணம் இருக்கிறதே, அதைப் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்த, மெர்க்குரிப் பட்டியலில் ஏறிய ஒரு பெண்ணும் போக வேண்டியிருந்தது.

அடுத்து அவர் செய்த காரியத்தில்தான் இந்தத் தொடரே திரும்புகிறது. லண்டனில் உட்கார்ந்து வழக்கறிஞருக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருக்கலாம். பெரிய கம்பனிகள் அப்படித்தான் சொல்லும்: பொறு, சரியாகிவிடும். மாயா பெட்டியைக் கட்டினார். அமெரிக்கா விடாவிட்டால் விடுகிற நாடுகளுக்குப் போவோம் என்று கிளம்பினார்.

முதல் பெரிய நிறுத்தம், சிறு வயதில் அகதியாக இருந்த அதே சென்னை.

*

ஏ. ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவுக் கூடம் அவருக்குத் திறந்துவிடப்பட்டது. தயாரிப்பாளர் ‘ஸ்விட்ச்’ என்ற டேவ் டெய்லர் கூட இருந்தார். நடனக் கூடங்களுக்குப் பாட்டுப் போடும் ஆங்கிலேயர். எம்சி-505 பெட்டியில் விரலால் தட்டிய தாளத்துக்குப் பதிலாக, இந்த முறை ஆட்கள் வந்தார்கள். உறுமி அடிப்பவர்கள்.

உறுமியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு முகம். ஒரு முகத்தில் அடி, மறு முகத்தில் வளைந்த குச்சியால் தேய்ப்பு. தேய்க்கும்போது அது அடிவயிற்றிலிருந்து முனகும். மாத்தளைத் தோட்டங்களில் தப்புச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உறுமி அந்நியமாக இருக்காது. சாமி ஊர்வலத்திலும் சாவு வீட்டிலும் கேட்கும் வாத்தியம். கச்சேரி மேடைக்கு இதை அழைக்க மாட்டார்கள். அழைக்காததற்குச் சாதிதான் காரணம், வேறு சமாதானம் வேண்டாம்.

கூட்டமாக உறுமிகளை அடிக்க வைத்து, அந்த இரைச்சலை ஒழுங்குபடுத்தாமல், கூர்மையைச் சீவாமல் அப்படியே பிடித்தார்கள். அதிலிருந்து வந்தவை ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பொய்ஸ்’ என்ற பாட்டுகள். ‘பேர்ட் ஃப்ளூ’வை முதல் முறை கேட்டபோது எனக்குத் தலை வலித்தது, உண்மையைச் சொல்கிறேன். கோழிக் கூட்டுக்குள் திருவிழா நடப்பது போல இருக்கும். மூன்றாம் முறை கேட்டபோதுதான் பிடி கிடைத்தது: பங்க் குழு கிற்றாரைக் கொண்டு எழுப்பிய முரட்டுச் சத்தத்தை இவர் உறுமியைக் கொண்டு எழுப்புகிறார். அந்தப் பாட்டிலேயே ‘ஜெயம்’ படப் பாட்டின் துண்டு ஒன்றும் ஓடுகிறது.

அல்பத்தின் முதல் பாட்டு ‘பம்பூ பங்கா’. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது.

ஜொனதன் ரிச்மன் என்ற அமெரிக்கர் எழுதிய ‘ரோட்ரன்னர்’ என்ற பாட்டு இருக்கிறது. அநேகமாக இரண்டே சுரக்கட்டு. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் இரவில் வானொலியை அலற விட்டுக்கொண்டு கார் ஓட்டும் இளைஞனின் சந்தோஷம். பங்க் பிறப்பதற்கு முன்பே பங்க்காக இருந்த பாட்டு என்று அதைச் சொல்வார்கள். பங்க்கின் பெரிய தலைகளான செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவே அதைப் பாடிப் பார்த்திருக்கிறது.

இந்தப் பாட்டின் தொடக்கத்தை எடுத்து, அதற்குக் கீழே இளையராஜாவை வைத்தார் மாயா. ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’. 1991இல் ரஜினியும் மம்மூட்டியும் ஆடிய ஆட்டம். நம் ஊர்களில் அது ஒலிக்காத கல்யாண வீடு உண்டா? பொஸ்டன் பக்கத்து நெடுஞ்சாலையும் தளபதியின் பொங்கல் மேளமும் ஒரே பாட்டில். அதற்கு மேல் மாயா செய்த மாற்றம் இன்னும் அழகு. ரிச்மனின் ஆள் காருக்குள் இருக்கிறான். மாயாவின் ஆள் வெளியே, ஓடும் பெரிய காரின் கதவைத் தட்டுகிறான்.

வீசா இல்லாமல் போனவர் எழுதக்கூடிய பாட்டு அது. டிம்பலண்டின் கூடத்தில் குளிரூட்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்தால் இந்தக் கதவு தட்டும் கை அவருக்குத் தோன்றியிருக்காது என்பது என் எண்ணம்.

*

சென்னைக்குப் பிறகு டிரினிடாட், ஜமெய்க்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா, ஜப்பான். எல்லாவற்றையும் விவரித்தால் தொடர் பயணக் கட்டுரையாகிவிடும்.

அவுஸ்திரேலியாவில் வில்கேனியா மொப் என்ற பழங்குடிச் சிறுவர்களின் பாட்டு அல்பத்துக்குள் வந்தது. லண்டனிலிருந்து அஃப்ரிக்கன் போய் என்ற நைஜீரியப் பின்னணி இளைஞனின் குரல் வந்தது. ‘20 டொலர்’ என்ற பாட்டின் தலைப்பு, ஆபிரிக்காவில் ஓர் ஏகே-47 விற்பதாக அந்தப் பாட்டுச் சொல்லும் விலை. அதற்குள் பிக்ஸீஸ் என்ற அமெரிக்க றொக் குழுவின் பாட்டு நுழைந்திருக்கிறது. ‘ஜிம்மி’ என்ற பாட்டு, 1982 ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்துக்குப் பப்பி லஹிரி போட்டது. மாயா சின்னப் பிள்ளையாக ஆடிய பாட்டு.

இதைக் கேட்டுத் திருட்டு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கணக்கு அவ்வளவு எளிதில்லை. உரியவர்களின் பெயர் அல்பத்தில் இருக்கிறது. ஒட்டுப்போட்டுத் தைப்பது அவருக்குப் பழக்கமான வேலையும்கூட: அம்மா கலாவின் பிழைப்பே ஊசியும் நூலும்தான். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து கலா கையால் தைத்துக்கொண்டிருந்தவற்றில், பிரிட்டிஷ் அரச குடும்பம் மற்றவர் மார்பில் குத்தும் பதக்கங்களின் நாடாக்களும் அடங்கும். 2019இல் அதே பதக்கத்தை மகளுக்கே அறிவித்தார்கள் என்பது பின்னால் வரும் கதை.

அல்பத்துக்குப் பெயர் ‘கலா’.

*

இனி அந்தப் பாட்டு.

‘த க்ளாஷ்’ குழுவின் பெயரை நினைவில் வைத்திருக்கச் சொன்னேன். 1982இல் அவர்கள் வெளியிட்ட ‘கொம்பட் றொக்’ அல்பத்தில் ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ என்ற பாட்டு உண்டு. பங்க் குழுவின் பாட்டு என்றாலும் வேகமில்லை, கத்தல் இல்லை. தள்ளாடி நடக்கும் தாளம், மேலே வெப்பக் காற்றுப் போல ஆடும் ஓர் ஒலி. இரும்பு ஆலைகள் மூடிய பிரிட்டனில் வேண்டாதவர்களாகிப்போன குடியேறிகள் அதில் வருகிறார்கள். வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் பெற்றுப்போட்டுவிட்டு வந்த பிள்ளைகள், அப்பாவைத் தேடி அமெரிக்கா போகக் கேட்டு மறுக்கப்படுகிறார்கள்.

பாடியவர் ஜோ ஸ்ட்ரமர். பிரிட்டிஷ் வெளிநாட்டுச் சேவை அதிகாரியின் மகன், துருக்கியின் அங்காராவில் பிறந்தவர். தகப்பன் பிறந்தது லக்னோவில். சாம்ராச்சியத்தின் பிள்ளை சாம்ராச்சியத்தின் கதவுக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றிப் பாடியது. ஸ்ட்ரமர் 2002 டிசம்பரில் இறந்துபோனார். பாடி இருபத்தைந்து வருடம் கழித்துத் தன் பாட்டு எங்கே போய்ச் சேரப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது.

டிப்லோ என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் அந்தப் பாட்டின் தொடக்கத்தைச் சுற்றிச் சுற்றி ஓட விட்டார். மேலே மாயா பாடினார். கோபம் தெரியாத குரல். தூக்கக் கலக்கத்தில் கயிறு அடித்து விளையாடும் சிறுமி முணுமுணுப்பது போல.

என்ன பாடினார்? வீசாதான். கள்ளக் கடவுச்சீட்டு, எல்லை, கையில் காசு. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் உன் பொக்கற்றில் கை விடத்தான் வருகிறான் என்று ஒரு நாடு நினைக்கிறதா? சரி, அப்படியே வைத்துக்கொள் என்று அந்த வேடத்தைப் போட்டுக் காட்டுகிறார். குடியேறிகளைப் பற்றிய பயத்தைக் கிண்டல் செய்வதற்காகவே எழுதியதாகப் பிறகு பேட்டிகளில் சொன்னார்.

பல்லவியில் பிள்ளைகள் சேர்ந்து பாடுகிறார்கள். வரியின் நடுவே சொல் நின்றுவிடுகிறது. சொல் வர வேண்டிய இடத்தில் துப்பாக்கி வெடிக்கிறது. பிறகு தோட்டா ஏற்றும் ஓசை. பிறகு கடையில் காசுப் பெட்டி திறக்கும் மணி.

யார் யாரைச் சுடுகிறார்கள்? காசு யாருக்குப் போகிறது? குடியேறியா, ஆயுத வியாபாரியா, அரசாங்கமா? பாட்டுச் சொல்லவில்லை. மெட்டோ, கேட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் வாயை விட்டுப் போகாது. நான் பாடசாலைக் காலத்தில் கேட்ட எந்த பொப் பாட்டையும் விட அது ஒட்டிக்கொள்ளும். பங்க்கின் கசப்பை ரம்பூட்டான் சுளைக்குள் வைத்துக் கொடுத்தது போல.

பெயர் ‘பேப்பர் பிளேன்ஸ்’.

பாட்டின் உரிமையாளர் வரிசையில் மாயாவோடும் டிப்லோவோடும் க்ளாஷ் குழுவின் நால்வரும் சேர்ந்தார்கள். இறந்துபோன ஸ்ட்ரமரும்.

*

‘கலா’ 2007 ஆகஸ்டில் வெளிவந்தது. அதற்குள் வீசாவும் கிடைத்திருந்தது. டிம்பலண்டோடு செய்ததில் அல்பத்தில் மிஞ்சியது ஒரே ஒரு பாட்டு, அதுவும் கடைசியில். எனக்குக் கேட்டால் அல்பத்தில் ஆகச் சாதாரணமான பாட்டும் அதுதான். அந்த வருடத்தின் சிறந்த அல்பம் என்று ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகை ‘கலா’வை முதலிடத்தில் வைத்தது.

ஆனால் ‘பேப்பர் பிளேன்ஸ்’ ஒளிபரப்பாளர்களைத் தடுமாற வைத்தது. டேவிட் லெட்டர்மனின் இரவு நிகழ்ச்சியில் அவர் பாடியபோது வெடிச்சத்தத்தை மாற்றிவிட்டார்கள். எம்டிவியும் பாட்டுப் படத்தில் அந்தச் சத்தத்தை மழுக்கியது. தோட்டா போய் ஏதோ தட்டுமுட்டுச் சத்தம் வந்தது. ஒவ்வோர் இரவும் ஹொலிவூட் படத்தில் நூறு பேர் சுடப்படுவதைக் காட்டும் தொலைக்காட்சிக்கு, ஒரு பழுப்புநிறப் பெண்ணின் பாட்டில் வந்த வெடி மட்டும் காதைக் குத்தியது.

பாட்டுப் படத்தை அவர் எடுத்தது புரூக்ளினில், வீசா இல்லாமல் திரும்ப முடியாமல் கிடந்த அதே பகுதியில். வண்டியில் வைத்துச் சாப்பாடு விற்கும் குடியேறிப் பெண்ணாக நடித்தார். வாங்க வருகிறவர்களில் பீஸ்டி போய்ஸ் குழுவின் இருவர் இருக்கிறார்கள். அவர்களும் பங்க்கில் தொடங்கி றப்புக்கு வந்தவர்கள்தான்.

2008 பெப்ரவரியில் பாட்டின் மாற்று வடிவங்களைத் தொகுத்துச் சிறு அல்பமாக விட்டபோது அதற்கு வைத்த பெயர் ‘ஹோம்லண்ட் செக்யூரிட்டி ரீமிக்ஸஸ்’. அமெரிக்காவின் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பெயர். வீசாக் கோப்பைத் திறந்து மூடுகிறவர்களுக்கு ஒரு சின்ன நன்றிக் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் நடந்தும் பாட்டு பெரிதாக ஓடவில்லை. ஒரு வருடம் சும்மா கிடந்தது. 2008இல் ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ என்ற நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் யாரோ அதைச் செருகினார்கள். கஞ்சா அடிக்கும் இருவரைப் பற்றிய படம். அகதிக்கும் வீசாவுக்கும் அதில் என்ன வேலை? ஒன்றுமில்லை. முன்னோட்டம் ஓட ஓடப் பாட்டைத் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். செப்டம்பரில் அமெரிக்காவின் பில்போர்ட் நூறில் நான்காவது இடம்.

உள்ளே விடமாட்டேன் என்ற நாட்டின் நான்காவது பாட்டு. பாட்டின் ஒரு வரியைப் பிடித்துக் கான்யே வெஸ்ட் புதிய தாளம் செய்ய, டி.ஐ., ஜே-ஸீ, லில் வெய்ன் எல்லாரும் அதன் மேல் றப் பாடினார்கள். அமெரிக்க றப்பின் நான்கு மலைகளுக்குக் கீழே ஓடியது மிச்சம் பகுதியில் வளர்ந்த யாழ்ப்பாணப் பெண்ணின் குரல்.

நவம்பரில் ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ வந்தது. இரண்டு சிறுவர்கள் ரயில் கூரையிலும் பெட்டியிலும் பிழைப்புத் தேடி ஓடும் இடத்தில் ‘பேப்பர் பிளேன்ஸ்’. படத்தின் தொடக்க ஓட்டத்தில் ரஹ்மானும் மாயாவும் சேர்ந்து செய்த ‘ஓ... சாயா’.

*

அந்தப் பாட்டு கலேவெலைக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான், படத்தின் திருட்டு இறுவட்டு வழியாக.

2009இன் தொடக்கம். பஸ் நிலையத்துக்குக் கிட்ட, தொலைபேசிக்குப் பாட்டு ஏற்றித் தரும் சின்னக் கடை. மெமரி கார்ட் ஒன்றுக்கு நூறு பாட்டு. வெளியே திருகோணமலை வீதியில் இராணுவ லொறிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த மாதங்களில் அது அன்றாடக் காட்சி, யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கடைப் பையன் கணினியில் இதைப் போட்டான். வெடிச் சத்தம் வந்ததும் வாசலில் நின்ற வயதான ஒருவர் திடுக்கிட்டு வீதியைப் பார்த்தார். காசுப் பெட்டி மணி அடித்ததும் பையன் சிரித்தான்.

“பாடுற பொண்ணு யாரு தெரியுமா? நம்ம நாட்டுத் தமிழ்ப் பொண்ணு” என்றேன்.

“சும்மா சொல்லாதீங்க நானா. இது அமெரிக்காக்காரி.”

நான் மாதங்கி என்ற பெயரைச் சொன்னேன். யாழ்ப்பாணத்தைச் சொன்னேன். அவன் கணினித் திரையில் இருந்த எழுத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான்.

ஏன் குறைத்தான் என்று நான் கேட்கவில்லை. அந்த மாதங்களில் இந்த வீதியில் வாழ்ந்த யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

*

2009 பெப்ரவரி 8. லொஸ் ஏஞ்சலிஸ், ஸ்டேப்பிள்ஸ் சென்டர். கிராமி விருது விழா.

‘பேப்பர் பிளேன்ஸ்’ வருடத்தின் சிறந்த பதிவு என்ற விருதுக்குப் பரிந்துரை பெற்றிருந்தது. இரண்டு வாரத்தில் ஒஸ்கார்; ‘ஓ... சாயா’ அங்கேயும் பட்டியலில். மாயா நிறைமாதக் கர்ப்பிணி. வைத்தியர்கள் குறித்துக் கொடுத்த திகதி அன்றைக்குத்தான். மேடைக்கு வர வேண்டாம் என்று சொன்னால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

வந்தார். கறுப்புக் கோட்டு அணிந்த நான்கு ஆண்கள், ஜே-ஸீ, டி.ஐ., கான்யே, லில் வெய்ன், நடுவில் அவர். காட்சி கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பானது. கண்ணாடி போன்ற துணியில் கறுப்புப் புள்ளிகள் போட்ட உடை, வயிற்றை மறைக்க ஒரு முயற்சியும் இல்லை. தன் பாட்டின் வரியைப் பாடிக்கொண்டு ஆடினார். மூன்று நாள் கழித்து மகன் பிறந்தான்.

விருது கிடைக்கவில்லை. ரொபர்ட் பிளான்டும் அலிசன் க்ரவுஸும் வாங்கிப் போனார்கள். இன்றைக்கு அந்த இரவில் யார் வென்றார் என்று பலருக்கு நினைவில்லை. அந்த வயிறு நினைவிருக்கிறது.

அதே நாட்களில் வன்னி. ஜனவரி 2இல் கிளிநொச்சி, 25இல் முல்லைத்தீவு நகரம் இராணுவத்தின் கையில் வந்துவிட்டன. சனங்கள் மூட்டை முடிச்சோடு கடற்கரைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தார்கள். பெப்ரவரி முதல் வாரத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது செல் விழுந்ததைச் செஞ்சிலுவைச் சங்கம் உலகத்துக்கு அறிவித்தது. மேற்கத்தியத் தொலைக்காட்சிகளில் அதற்குக் கிடைத்தது சில விநாடிகள்.

கிராமிக்கு முன்பே, ஜனவரியில், டாவிஸ் ஸ்மைலி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர் மாயாவைப் பேட்டிக்குக் கூப்பிட்டிருந்தார். பாட்டைப் பற்றிக் கதைப்பார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு முன்னால் அவர் வன்னியைப் பற்றிக் கதைக்க ஆரம்பித்தார். கொழும்பிலிருந்து மறுப்பு வந்தது. அமெரிக்காவில் இருந்த ஓர் இலங்கை றப் பாடகர் அதற்கு முன்பே அவரைப் பயங்கரவாத ஆதரவாளர் என்று குற்றம்சாட்டிப் பாட்டுப் படம் ஒன்றைப் போட்டிருந்தார்.

பாட்டில் வந்த வெடிச்சத்தத்தையே மாற்றிய நாடு அது. உண்மையான வெடிச்சத்தத்தைப் பற்றி ஒரு பொப் பாடகி பேசினால் காது கொடுத்ததா? இத்தனை வருடம் அவர் சட்டையில் வரைந்த புலி, இப்போது அவர் பேசியதற்கு வலுச் சேர்த்ததா, வாயை அடைத்ததா?

அடுத்த வாரம்: 2009 மே மாதமும், அதற்கு மறு வருடம் அவர் வெளியிட்ட ‘போர்ன் ஃப்ரீ’யும்.